மூக்கால் சொல்ல வேண்டிய சொல்

கல்கத்தாவின் பெஹாலாவில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைத் துணி உலர்த்துவது ஒரு வீரச்செயல். காலையில் பளிச்சென்று கொடியில் போட்ட தலையணை உறை மாலையில் எள் தூவிய மாதிரி கரும்புள்ளிகளோடு திரும்பி வரும். பின்தெருவில் ஒரு புகைபோக்கி இருக்கிறது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால், கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ஒரே ஒரு சொல்லைக் கத்துவார். அவரை நான் காக்கிமா என்று கூப்பிடுவேன். இங்கே அது சித்தி முறை. அவர் கத்தும் சொல் என் காதில் 'தோயா' என்று விழும்.

எனக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. வங்காளத்தில் தோயா என்றால் கழுவுவது, துவைப்பது. எங்கள் கும்பகோணத்து வீட்டிலும் துணி துவைப்பதைத் தோய்ப்பது என்றுதான் சொல்வோம். அம்மா இன்றைக்கும் போனில் முதலில் கேட்பது, "சாப்டியா?" அடுத்தது, "துணியெல்லாம் தோச்சுட்டியா?" ஆகவே, 'உன் துணி போச்சு, இனி மறுபடி தோய்' என்று காக்கிமா எச்சரிப்பதாக நானே பொருள் பண்ணிக்கொண்டேன். "சரி காக்கிமா, நாளைக்குத் தோய்க்கிறேன்" என்று மாடியிலிருந்து பதிலும் சொல்வேன். கல்கத்தா வந்த நாளிலிருந்து இந்த ஞானத்தோடுதான் திரிந்துகொண்டிருந்தேன்.

என் பிழைப்பு கரி எண்ணுவது. சால்ட் லேக்கில் ஒரு சின்ன அலுவலகம். தொழிற்சாலைகள் எரிக்கும் நிலக்கரி, டீசல், மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு கிலோ சரக்கைச் செய்ய எவ்வளவு கார்பன் காற்றில் ஏறுகிறது என்று சொல்லித் தருவோம். "கரி எண்ணவா உன்னைக் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?" என்பார் அப்பா. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் இப்போது விலை கேட்ட அதே மூச்சில் இதையும் கேட்கிறார்கள். அவர்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக எரித்துத் தீர்த்த கரியை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பெஹாலா சந்தில் எரியும் கரிக்கு மட்டும் ஆள் வைத்து எண்ணுகிறார்கள். அந்த ஆள் நான் என்பதால் இதைப் பற்றி அலுவலகத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

ஒரு நாள் மேலதிகாரி கொடுத்த விலாசத்தைப் பார்த்தால் எங்கள் பின்தெரு. என் தலையணை உறைக்கு எள் தூவும் அதே புகைபோக்கி. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் சாயப்பட்டறை அது. குற்றவாளியின் வீட்டுக்குள்ளேயே நுழைந்து விசாரிக்க அனுமதி கிடைத்த சந்தோஷத்தோடு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பிப் போனேன்.

பட்டறையின் முதலாளியை எல்லாரும் பௌதி, அதாவது அண்ணி, என்று அழைத்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மாமனார் விட்டுப்போன தொழிலை இவர்தான் இழுத்துப் பிடித்திருக்கிறார். சாயப்பட்டறைக்குள் பௌதி எப்போதும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவையில்தான் நடமாடுவார். தரையெல்லாம் நீலமும் கறுப்புமாக ஓடும். அவர் புடவையில் ஒரு பொட்டு இருக்காது. அதை அவருடைய திமிர் என்று நினைத்தேன். தன் பட்டறைச் சாயம் ஒட்டாது என்பதற்கு விளம்பரம் என்று பிறகு புரிந்தது.

எனக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய ஆர்டர். வெளிநாட்டுக் கடை ஒன்றுக்குக் கறுப்புப் பனியன் துணி. துணி சட்டையாகி, கிடர்பூரில் கப்பலேறிப் போகும். போன சீசனைவிட இந்த சீசனில் கிலோவுக்கு இவ்வளவு கார்பன் குறைய வேண்டும் என்று அந்தக் கடை ஓர் எண்ணைக் கொடுத்திருந்தது. குறையாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்கு.

"ஆர்டர் போச்சுன்னா பட்டறைக்குப் பூட்டு" என்றார் வங்காளத்தில். "அப்புறம் நீ உன் மாடியில வெள்ளை வெள்ளையா துணி காயப்போடலாம். நல்லா யோசிச்சு எண்ணு."

நான் எங்கே குடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊர்ச் சந்துகளில் எதுதான் தெரியாது.

கொதிகலனை மாற்றலாம் என்றால் எரிவாயுக் குழாய் இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. அடுத்த வருடம் வரும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்களாம். தகரக் கூரையில் சூரியத் தகடு போட்டால் விளக்கெரியும், நீராவி வராது. இருப்பதை வைத்துக்கொண்டுதான் குறைக்க வேண்டும். புகைபோக்கி எப்போதெல்லாம் கறுப்பாகக் கக்குகிறது என்று தெரிந்தால், கரி எங்கே வீணாகிறது என்று பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கொதிகலன்காரர் புகைபோக்கியின் அடியில் நிற்பவர். அதன் உச்சி அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சாய இயந்திரம் ஓட்டுபவர், எல்லாருக்கும் தாதா, அதாவது அண்ணன்; அவர் இடத்திலிருந்து பார்த்தால் ஜன்னலில் புகைபோக்கி முழுசாகத் தெரியும். கேட்க வேண்டியது அவரைத்தான் என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் திருப்பூர்க்காரர் ஒருவர் டையிங் மாஸ்டராக இருக்கிறார் என்று பௌதி முதலிலேயே சொல்லியிருந்தார். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருந்து தமிழிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் மீன் சந்தையிலும் பஸ்ஸிலும் கற்ற என் வங்காளத்தின் மேல் எனக்கு அபாரமான நம்பிக்கை. புகைக்கு வங்காளத்தில் என்ன என்று போனில் தட்டினேன். அது உச்சரித்துக் காட்டியதைக் கேட்டால், நம் பழைய தோயா! ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் போலிருக்கிறது, நமக்கு ஓடுகிற ஆறும் ஒன்று, எண்ணுகிற ஆறும் ஒன்று இல்லையா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரே தடவையில் போட்ட ஒரு லாட் துணியோடு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. தாதாவின் காதருகே போய்க் கேட்டேன். அவருக்கு நான் திதி, அதாவது அக்கா.

"தாதா, ஒரு லாட் முடியறதுக்குள்ள எத்தனை தோயா?"

"கலரைப் பொறுத்தது, திதி. வெளிர் கலர்னா ரெண்டு. சிவப்புன்னா அஞ்சு. கறுப்புக்கு ஏழு."

எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். "கறுப்புக்கு ஏன் அவ்வளவு?"

"கறுப்பு லேசுல அடங்காது, திதி. தெளியற வரைக்கும் விட்டுக்கிட்டே இருக்கணும்."

கறுப்புச் சாயத்துக்குக் கறுப்புப் புகை. எவ்வளவு நியாயமான உலகம்! வெளிர் நிறத்துக்கு இரண்டே முறை புகைந்துவிட்டுப் புகைபோக்கி கையைக் கட்டி நிற்கிறது. கறுப்பு என்றதும் ஏழு முறை பொங்குகிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் எவ்வளவு கரி போட்டார்கள் என்று பார்த்து, தாதா சொன்ன எண்களோடு சேர்த்து ஒரு வரைபடம் போட்டேன். புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. அப்படி ஒரு நேர்க்கோடு அதுவரை என் வேலையில் எனக்கு அமைந்ததே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனேன்.

அறிக்கையை விளக்கும் நாள் வந்தது. பௌதியின் அறையில் பௌதி, தாதா, ஊரிலிருந்து திரும்பிவிட்ட டையிங் மாஸ்டர். மாஸ்டர் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகத் தமிழைக் கேட்க ஆசையாக உட்கார்ந்திருந்தார். நான் வங்காளத்திலேயே வெளுத்துக்கட்டினேன்.

"கறுப்புச் சாயம் ஏத்தும்போது உங்க சிம்னிக்கு ஏழு தடவை தோயா" என்று அறிவித்தேன். "இதைக் குறைச்சே ஆகணும்."

பௌதி தாதாவைப் பார்த்தார். தாதா கூரையைப் பார்த்தார்.

"சிம்னிக்கா?" என்றார் பௌதி. "மாமனார் கட்டின நாள்லேருந்து அதை நான் ஒரு தடவைகூடக் கழுவினதில்லையே!"

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. தாதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "ஏனுங்க மேடம், நீங்க பொகைய எண்ணுனீங்களா, தொவைக்கறத எண்ணுனீங்களா?"

பிறகு பௌதி பாடம் நடத்தினார். புகைக்கும் துவைப்பதற்கும் ஒரே சொல்தான், ஆனால் புகையை மூக்கால் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். அந்த மூக்கொலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. "புகை மூக்குல ஏறும், இல்லியா? அதனால மூக்கால சொல்லு. துணி கையில இருக்கும், அதை வாயால சொன்னாப் போதும்." என் மூக்கைப் பிடித்துவிட்டு ஒரு முறை, பிடிக்காமல் ஒரு முறை சொல்லச் சொன்னார். இன்ஜினியரிங் படித்தவள் ஒன்றாம் வகுப்புக் குழந்தையாக உட்கார்ந்து சொன்னேன். தாதா என்னை ஏமாற்றவில்லை. ஒரு லாட் கறுப்புத் துணியை எத்தனை தடவை அலசுகிறார்கள் என்று கேட்டேன் என நினைத்து, ஏழு என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் காக்கிமா நினைவுக்கு வந்தார். பாவம், அத்தனை நாளும் 'புகை, புகை' என்று அவர் கத்தியிருக்கிறார். நான் 'நாளைக்குத் தோய்க்கிறேன்' என்று சாவகாசமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தமிழ்ப் பெண்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று நினைத்திருப்பார்.

அசடு வழிய மடிக்கணினியை மூடப் போனேன். அந்த நேர்க்கோடு திரையில் அப்படியே நின்றது. சிரிப்பெல்லாம் சிரித்தாயிற்று, ஆனால் கோடு வளையவில்லை. நான் எண்ணியது அலசலை என்றால், கரி அலசலின் பின்னாலேயே போகிறது என்றல்லவா அர்த்தம்? யோசித்துப் பார்த்தால் அதுதானே சரி. ஒவ்வோர் அலசலும் ஒரு தொட்டி கொதிநீர். கொதிநீருக்கு நீராவி, நீராவிக்குக் கரி. சாயத்தை ஏற்ற ஆகும் கரியைவிட, துணியில் ஏறாமல் நிற்கும் சாயத்தைக் கழுவித் தள்ளத்தான் அதிகக் கரி போகிறது.

"இது காக்கா ஒக்காரப் பனம்பழம் உழுந்த கதைங்க" என்றார் மாஸ்டர். ஆனால் அவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏழில் இரண்டைக் குறைக்க முடியுமா என்பதுதான் அடுத்த சண்டை. துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு உள்ளே இருக்கும்வரை மிச்சச் சாயம் துணியை விட்டு வராது, எத்தனை கொதிநீர் விட்டாலும். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பை அலசி எறிந்துவிட்டால், அப்புறம் கொதிநீர் இரண்டு தடவை குறைந்தாலும் போதும் என்று நான் வாதாடினேன்.

"எங்கூர்ல செல பட்டறைல செய்யறாங்க, இல்லீங்கல" என்றார் மாஸ்டர். "ஆனா என்ற கறுப்புல நான் கை வெக்க மாட்டனுங்க. ஒரு சட்டை சாயம் போனாலும் எம்பேருதான் போகும்."

"உங்க பேர் போனா எனக்கு ஆர்டரும் சேர்ந்து போகும், மாஸ்டர்" என்றார் பௌதி, நான் மொழிபெயர்த்ததைக் கேட்டு. "செய்யலேன்னாலும் ஆர்டர் போகும். அப்ப செஞ்சே பார்த்துடலாம்."

ஒரு லாட். சாயம் நின்றால் ஆர்டர் தங்கும். சாயம் போனால், லாட்டும் போய், சீசனுக்குள் மறுபடி முயல நேரமும் இருக்காது. அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவது அலசல் முடிந்து இயந்திரத்தின் கதவைத் திறந்தார்கள். கறுப்புத் துணி கயிறு கயிறாக வெளியே வந்தது. சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் துண்டால் தேய்ப்பது வழக்கம். மாஸ்டர் துண்டைத் தேடி எடுத்து வருவதற்குள் பௌதி ஈரத்துணியில் ஒரு முனையை இழுத்து, தன் வெள்ளை முந்தானைக்குள் வைத்து, இரண்டு கையாலும் கசக்கினார்.

சொன்னவள் நான். அந்தப் புடவையில் கறுப்பு ஏறினால் ஒரு பட்டறையே என் வாயால் மூடியதாக ஆகும். கொதிகலன்காரர்கூட வாசலில் வந்து நின்றார். பௌதி முந்தானையைப் பிரித்தார். ஈரம் மட்டும் இருந்தது. மாஸ்டர் நம்பாமல் தன் துண்டால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தார், அப்புறம் அதை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். தாதா முதலில் கை தட்டினார். பௌதி எல்லோருக்கும் சிங்காராவும் டீயும் வரவழைத்தார். நம் ஊர் சமோசாவுக்கு அண்ணன் அந்தச் சிங்காரா. அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி ருசியாக நான் அதைச் சாப்பிட்டதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

எண் குறைந்தது. அறிக்கை போயிற்று. துர்கா பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் பௌதி போனில் கூவினார். "ஆர்டர் தங்கிடுச்சு! தங்கினது மட்டுமில்ல, ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க! கார்பன் கம்மியான கறுப்புன்னு சீட்டு ஒட்டி விக்கப் போறாங்களாம்!"

நானும் கூவினேன். போனை வைத்த பிறகுதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஏழு ஐந்தாயிற்று, சரி. ஆனால் துணி இரண்டு மடங்கு. மனக்கணக்குக்கே தெரிந்தது: உருப்படிக்குப் புகை குறைந்திருந்தது, ஊருக்குக் கூடியிருந்தது. எரிச்சலாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நேரில் போய் அதைச் சொல்லியும் விட்டேன். பௌதி கோபப்படவில்லை. "புதுசா ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆள் எடுத்திருக்கேன். அவங்ககிட்டப் போய்ச் சொல்லு, புகை கூடிப்போச்சு, வீட்டுக்குப் போங்கன்னு" என்றார். கொஞ்சம் கழித்து, "வாங்கறவங்க மூணு சட்டை போடற எடத்துல ரெண்டு போட்டா புகை தானா குறையும். அவங்க அலமாரியை எண்ண ஆள் அனுப்பியிருக்காங்களா?" என்றார். அந்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் இன்னும் ஆள் எடுக்கவில்லை.

பூஜைக்கு வேண்டியவர்களுக்குப் புதுத்துணி கொடுப்பது இந்த ஊர் வழக்கம். கிளம்பும்போது பௌதி என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். அந்த லாட்டுத் துணியில் தைத்த கறுப்புச் சட்டை. "இதுல புகை பட்டாலும் தெரியாது. காக்கிமா கத்தினா மெதுவாவே எழுந்து போ" என்று கண்ணைச் சிமிட்டினார்.

வீட்டில் வாளியில் அதைத் தோய்த்தேன். தண்ணீர் துளிகூட நிறம் மாறவில்லை. பெருமையாக இருந்தது, என் ஐந்து அலசல் சட்டை! மாடிக் கொடியில் போட்டேன். பக்கத்துத் தெருப் பந்தலில் மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் கீழேயிருந்து காக்கிமா கத்தினார். இப்போது என் காதுக்கு மூக்கொலி சுத்தமாகக் கேட்டது: புகை. பௌதி சொன்னபடி நான் அவசரப்படவில்லை.

சாயங்காலம் போய் எடுத்தபோது சட்டை காலையில் போட்டபடியே இருந்தது, மையாகக் கறுப்பாக. அழகு பார்க்கிற சாக்கில், கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, மாஸ்டர் மாதிரி அதன் மேல் ஒரு தேய் தேய்த்தேன். கைக்குட்டை கறுத்தது.

சாயம் போகிறதா? மாஸ்டரின் பேர், பௌதியின் ஆர்டர், புது ஷிஃப்ட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு நொடியில் கண்முன் வந்தார்கள். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, கைக்குட்டையின் சுத்தமான மூலையால் இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தேன். வெள்ளை அப்படியே இருந்தது. மறுபடி மேல்பக்கம் தேய்த்தேன். கறுத்தது.

சாயம் இம்மியும் போகவில்லை; கைக்குட்டையில் ஏறியது புகைபோக்கியின் கரி. ஆர்டருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. கீழே காக்கிமா இன்னொரு தரம் கத்தினார். மூக்கால் சொன்னாரா வாயால் சொன்னாரா என்று நான் கவனிக்கவில்லை. சட்டையையும் கைக்குட்டையையும் வாளியில் போட்டுக்கொண்டு தோய்க்கப் போனேன்.